ஆறாவது லாரிக்கு ஏன் சிவப்பு?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நடந்தது இது. கார் சீட்டுக்கு உள்ளே இருக்கும் இரும்பு ஃபிரேம் செய்கிற ஒரு கம்பெனியில், டிஸ்பாட்ச் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புவதும், அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும்தான் எங்கள் வேலை.

காலையில் மேனேஜர் பையை வைப்பதற்கு முன்பே, "நேத்து எந்த வண்டிம்மா லேட்டு?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல நான் நாலு எக்செல் ஃபைலைத் திறக்க வேண்டும், மூன்று பேருக்கு போன் போட வேண்டும். பதில் கிடைப்பதற்குள் இன்றைய வண்டி லேட்டாகியிருக்கும்.

ஒருமுறை வேறு ஒரு கம்பெனிக்குப் போயிருந்தபோது, அங்கே சுவரில் பெரிய டிவி ஒன்றைப் பார்த்தேன். எந்த லாரி எங்கே, எது நேரத்துக்கு வந்தது, எது தாமதம் எல்லாம் கலர் கலராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் டாஷ்போர்டு என்றார்கள். எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனசில்லை. நான் தபாலில் பி.காம் படித்தவள், கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. ஆனாலும் 'இதை ஏன் நாமே செய்யக் கூடாது?' என்று ஒரு ஆசை பிடித்துக்கொண்டது.

பிடித்தது விடவில்லை. ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறியதும் காதில் ஹெட்போன் மாட்டி வீடியோ பாடம் பார்ப்பேன். வீட்டில் ஒரு அடுப்பில் சாதம், பக்கத்தில் செல்போனில் பாடம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா, மூணு மாசமா ஒரே படம் பாத்துக்கினு இருக்கே, ஹீரோ யாரு?" என்று கேலி செய்வார். "நான்தான்" என்பேன்.

மூன்று மாதத்தில் முடித்துவிட்டேன். எங்கள் ஆறு லாரிகளுக்கும் ஆறு வரிசை, அதில் கடந்த மூன்று மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். பில் போட்ட நேரம் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்து வரும். சரக்கு போய்ச் சேர்ந்த நேரம் வாங்குகிற கம்பெனியின் கேட்டிலிருந்து வரும். நேரத்துக்குள் போனால் பச்சை, கொஞ்சம் தாமதம் என்றால் மஞ்சள், ரொம்ப தாமதம் என்றால் சிவப்பு. எங்கள் ஆபீசில் டிவி மாட்டி முதல்முதலாக ஓட விட்ட அன்று, ஒரு லாரி போய்ச் சேர்ந்ததும் அதன் வரிசையில் அன்றைய கட்டம் தானாகவே பச்சையாக மாறியது. யாரும் தொடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேன்டீன்காரம்மா வரைக்கும் கூட்டி வந்து காட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை எங்கள் ஃபேக்டரியின் தலைமை அதிகாரி அதைப் பார்க்க வந்தார். என்னைப் பாராட்டினார். பிறகு கையை நீட்டி, "இந்த ஆறாவது வண்டி ஏன் எப்பவும் சிவப்பாவே இருக்கு?" என்றார்.

அது கடம்பத்தூர் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனிக்குப் பெயிண்ட் அடித்த ஃபிரேம் ஏற்றிப் போகும் லாரி. மூன்று மாதத்தில் பாதி நாளுக்கு மேல் சிவப்பு. அந்தக் கம்பெனியிலிருந்து புகாரும் வந்திருந்தது.

"வண்டியை மாத்திடுங்க. திங்கட்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்று பெருமைதான் தாங்கவில்லை. நான் செய்த ஒன்றைப் பார்த்துக் கம்பெனியே ஒரு முடிவு எடுக்கிறது! வீட்டுக்குப் போனதும் இதைத்தான் முதலில் சொன்னேன். அந்த லாரியை ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு நொடி கூட நினைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவரே வந்து எங்கள் ஜன்னலில் நின்றார். பழவேற்காட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். சொந்த லாரி. நாலு வருடமாக எங்களுக்கு ஓட்டுகிறார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மேடம், என் வண்டிய டிவியில செவப்பா போட்டுக்கீறீங்களாமே. காட்டுங்க, நானும் பாக்கறேன்."

உள்ளே வரச் சொல்லிக் காட்டினேன். அப்போதும் எனக்குப் பெருமை குறையவில்லை. இது இப்படி, அது அப்படி என்று பாடம் எடுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்த டைம்லருந்து கணக்கு பண்றீங்க?"

"பில் போட்டதுலருந்து. எல்லா வண்டிக்கும் காலையில ஒன்பது மணி."

"ஒம்போது மணிக்கு நான் எங்க இருக்கேன்னு இதுல கீதா?"

எனக்குப் புரியவில்லை.

"உங்க பெயிண்ட் பீஸு காஞ்சு வெளிய வர பதினொரு மணி ஆவுது மேடம். அதுவரிக்கும் நான் உங்க யார்டுலதான் குந்திக்கினு இருக்கேன். ஏத்தி முடிச்சதும் ஒரு டீ கூட குடிக்காம பறக்கறேன். நான் எப்ப உங்க கேட்ட தாண்டுனேன்? அது இதுல எங்க?"

அது அதில் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். லாரி கேட்டுக்குள் வருகிற நேரத்தையும் வெளியே போகிற நேரத்தையும் செக்யூரிட்டி ஒரு நோட்டில் கையால் எழுதி வைப்பார்கள். டாஷ்போர்டு செய்யும்போது அந்த நோட்டு என் ஞாபகத்துக்கு வந்தது. 'அதையெல்லாம் யார் உட்கார்ந்து டைப் அடிப்பது?' என்று விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அது இல்லாமலே திரை அழகாகத்தான் இருந்தது.

"நான் பார்க்கறேங்க" என்றேன்.

"திங்கக்கெழமையோட சரின்னு சொல்லிட்டாங்க மேடம். வேற எடம் தேடணும். ஒரே பேஜாரு. நீங்க எப்ப வேணா பாருங்க." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று ரயிலில் வீடியோ எதுவும் பார்க்கவில்லை. அவர் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம் என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொன்னது. பொய்யா நிஜமா என்று சொல்ல வேண்டியது அந்த நோட்டுதான்.

சனிக்கிழமை காலை நேராக கேட்டுக்குப் போனேன். அங்கே பகலில் இருக்கும் செக்யூரிட்டி அம்மா என்னோடு அதே ரயிலில் வருகிறவர். மூன்று மாத நோட்டும் வேண்டும் என்றதும், "இன்னாம்மா, போலீஸ் கேஸா?" என்று பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னேன். "அந்த பாயி வண்டியா? அது எட்டரைக்கே வந்து நின்னுக்கினு இருக்குமே! இத நீ என்னாண்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே" என்றார். எனக்கு நறுக்கென்று இருந்தது. கேட்டிலிருந்து என் நாற்காலி நூறு அடி தூரம்.

லேப்டாப்பைக் கொண்டுவந்து அந்தச் சின்ன அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன். "ரெண்டாம் வண்டி, ஒம்போது பத்து, அவுட்டு! ஆறாம் வண்டி, பதினொன்னு நாப்பது, அவுட்டு!" நடுவில் லாரி வந்தால் ஓடிப் போய்க் கேட்டைத் திறந்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் தொடங்குவார். ஆறாம் வண்டி என்று சொல்லும்போதெல்லாம் என் கை நின்று நின்று போனது. பதினொன்று நாற்பது. பதினொன்று ஐம்பது. ஒரு நாள் பன்னிரண்டு பத்து. உள்ளே வந்த நேரம் மட்டும் என்றைக்கும் எட்டரையைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அவருக்கு டியூட்டி. மறுபடியும் போனேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி வரியை அடித்து முடித்தேன். ஒவ்வொரு லாரிக்கும் நேரத்தை இரண்டாகப் பிரித்தேன்: எங்கள் கேட்டுக்குள் காத்திருந்தது தனியாக, ரோட்டில் ஓடியது தனியாக. பட்டனை அழுத்தினேன்.

திரை ஒரு நிமிடம் வெள்ளையாக நின்றது. பிறகு ஆறாவது வரிசை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மளமளவென்று பச்சையாகிக்கொண்டே போனது. நான் கத்தியே விட்டேன். செக்யூரிட்டி அம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். கவரைப்பேட்டை நெரிசல், பெரியபாளையம் கூட்டம், திருவள்ளூர் டவுன் எல்லாவற்றையும் கடந்து போகிற அந்த லாரிதான், ஆறு வண்டிகளிலும் குறித்த நேரத்தை ரோட்டில் மிகக் குறைவாகத் தவறவிட்ட வண்டி!

பக்கத்தில் புதிதாக வந்த காத்திருப்பு வரிசை மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"ஐயே, இது யாரும்மா?" என்றார் அவர்.

"நாங்கதான்" என்றேன்.

திங்கட்கிழமை மீட்டிங்குக்கு முன்னால் மேனேஜரிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "இத காட்டினா நம்ம மேலதான்மா வரும். வண்டி சரியாத்தான் ஓடுதுன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடு" என்றார். கெட்டவர் இல்லை, பயந்தார். எனக்கும் பயம்தான். ஆனால் யார் மேலும் தப்பில்லை என்றால் வண்டி ஏன் லேட்டு என்று கேட்பார்களே? பழி மறுபடியும் லாரிக்காரர் தலையில்தான் விழும்.

மீட்டிங்கில் என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். "சார், வியாழக்கிழமை நான் உங்களுக்குக் காட்டினது தப்பு" என்றேன். அதற்குப் பிறகு வார்த்தை தானாக வந்தது. திரையைக் காட்டினேன். பெயிண்ட் பிரிவு இன்சார்ஜ், "எங்க மேல தள்றீங்களா?" என்று எழுந்தார். நான் செக்யூரிட்டி நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைமை அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வண்டியை மாத்தியிருந்தா?"

"அந்த வண்டியும் சிவப்பாத்தான் சார் ஆகியிருக்கும்."

அவர் உடனே பெயிண்ட் இன்சார்ஜைப் பார்த்து, கடம்பத்தூர் சரக்குக்குக் காலையில் முதலில் பெயிண்ட் அடிக்க முடியுமா என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, முடியும் என்றார். இத்தனை நாள் யாரும் அவரிடம் கேட்டதில்லையாம்! லாரியை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. அன்றே லாரிக்காரருக்கும் சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமையிலிருந்து மாற்றிச் செய்தார்கள். அன்று ஒன்பதே முக்காலுக்கே ஆறாவது லாரி கேட்டைத் தாண்டியது. பதினொன்றரையிலிருந்து டிவி முன்னால் கூட்டம். மேனேஜர், லோடிங் ஆட்கள், கேன்டீன்காரம்மா, எல்லோருக்கும் பின்னால் பெயிண்ட் இன்சார்ஜ். கிரிக்கெட் மேட்சில் கடைசி ஓவர் மாதிரி ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, காத்திருப்பு, ஓட்டம் இரண்டுமே பச்சை! கைதட்டல் சத்தத்தில் பக்கத்துப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சரக்கை இறக்கிவிட்டு அவர் போன் செய்தார். "மேடம், இன்னா கலரு?"

"பச்சைங்க!"

"ஒரு போட்டோ புட்ச்சு அனுப்புங்க. ஊட்ல காட்டணும். திங்கக்கெழம வரிக்கும் நாலு நாளா அவங்க சரியா சாப்புடல."

நான் மன்னிப்புக் கேட்டேன். "கோவம் இருந்துச்சு மேடம், இல்லன்னு சொல்லல. அடுத்த தபா எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு கலரு அடிங்க" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியிலேயே இன்னும் மூன்று டாஷ்போர்டு செய்துவிட்டேன். ஒவ்வொன்றும் முதல்முறை உயிர் பெற்று ஓடும்போது அதே சிலிர்ப்பு இப்போதும் வருகிறது. ஆனால் ஒரு மனிதரின் வரிசையில் சிவப்பு தெரிந்தால், அவர் நிற்கிற இடத்துக்கே போய் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த நிறத்தை யாருக்கும் காட்ட இன்றுவரை எனக்குக் கை வருவதில்லை.