கை சூடானால் சரியாகிவிடும்

விரலைக் கவ்விப் பிடிக்கிற அந்தச் சின்னக் கருவியைக் கண்டாலே இப்போது எனக்கு ஆகாது. போன வருஷம் வரை, கொடைக்கானல் மலைமேல் இருக்கிற கவுஞ்சியில் எங்கள் தெருவுக்கே அது வேடிக்கைப் பொருள்.

அதைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டுத் தமயந்தி. கீழே சமவெளியில் ஒரு கல்லூரியில் நர்சிங் படிக்கிறாள். ஒரு வாரம் வீட்டிலிருந்தே போனில் பாடம், அடுத்த வாரம் வார்டில் செய்முறை. இதுதான் புது முறையாம். அவள் அப்பா வேலுசாமிக்குக் கேரட் கழுவும் வேலை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், பிள்ளையை அந்த ஊர் வழக்கப்படி 'மகள்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வம்சத்திலேயே வெள்ளைக் கோட்டுப் போடப்போகிற முதல் ஆள் மகள்தான் என்று மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

கருவி வந்த அன்று முதலில் விரல் நீட்டியவரும் அவர்தான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்து நாலு என்று காட்டியது. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாதாம். பிள்ளை வெலவெலத்துப் போய் போனில் பாடத்தைத் தேடினாள். விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டும், சூடாக்கிவிட்டுத் திரும்பப் பார் என்றிருந்தது. பகல் முழுக்க ஓடைத் தண்ணீரில் கேரட் அலசிய கை வேறெப்படி இருக்கும்? அடுப்பில் காட்டினார், தொண்ணூற்றேழு. தெருவே சிரித்தது. அதிலிருந்து வேலை முடிந்து வருகிற எல்லோரும் விரலை நீட்டுவோம். எண் குறைந்தால் அவள் வாய் திறக்கும் முன்பே நாங்கள் சொல்லிவிடுவோம்: "கை சில்லுன்னு கெடக்கு, அதான்."

அந்தப் பாடத்தின் மறுபாதி வார்டில் இருந்தது. எண் குறைந்தால் கருவியை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். உதடு என்ன நிறம், மூச்சு எப்படி வாங்குகிறது என்று நோயாளி பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டுவார்கள். அந்த வாரம் பார்த்துப் பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து சமவெளிக்கு இறங்குகிற பாதை அடைபட்டது. கல்லூரி அதையும் வீடியோவாக அனுப்பியது. எங்கள் ஊர் சிக்னலில் படம் நின்று நின்று ஓடி, பாதி தெரியாமலே, முடிந்துவிட்டது என்று பச்சைக் குறி போட்டது.

"வார்டு கிளாஸ அப்புறம் வச்சுக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்கக்கா," என்றாள் தமயந்தி. பிள்ளை ஊரிலேயே இருக்கிறாளே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

வேலுசாமிக்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. சோலி கெட்டுப்போகும் என்று அதோடேயே தண்ணீரில் நின்றார். ஒரு சாயங்காலம் வந்து அடுப்படியில் சுருண்டு உட்கார்ந்தார். கருவி எண்பத்து மூன்று காட்டியது.

"கையக் காட்டுங்கப்பா," என்று அடுப்பைத் தூண்டினாள். எண்பத்து நாலு. வெந்நீரில் முக்கி எடுத்தாள். மறுபடி எண்பத்து மூன்று.

"என்னைக்கும் காட்டுறதுதானே மகள்," என்றாள் அவள் அம்மா இராசாத்தி. "இன்னுங் கொஞ்சம் சூடு காட்டு."

நான் விறகு எடுத்துக் கொடுத்தேன்.

"கஞ்சி குடிக்கிறீங்களாப்பா?"

"வேணாம்... மகள்... அப்புறம்..."

ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. தமயந்தி அவர் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அது கொதித்தது. எப்போதோ சூடாகியிருந்த கையைத்தான் இவ்வளவு நேரமும் சூடாக்கிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, வண்டி! வெரசா!"

எங்கள் தெருச் செல்வமுருகனின் ஜீப்பில் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். பனிமூட்டத்தில் எதிரே எதுவும் தெரியவில்லை, வண்டி ஊர்ந்தது. இராசாத்தியின் மடியில் அவர் தலை. விரலில் மாட்டிய கருவியில் எண் இறங்கிக்கொண்டே போனது. வழியில் பூம்பாறை தாண்டியபோது எண்ணே இல்லை, வெறும் கோடு. தமயந்தி கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சை அமுக்கினாள், வாயில் ஊதினாள், மறுபடி அமுக்கினாள். கடைசியில் ஓய்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான்.

இராசாத்தி புருஷனின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கை சில்லுன்னு கெடக்கு மகள், அதான் காட்டல. நல்லாத் தேச்சு விடு."

தமயந்தி அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரை தேய்த்துக்கொண்டே வந்தாள்.