நூற்றில் நிற்காத தராசு

நாகல் நகரில் நான் வைத்திருக்கும் பூக்கடையின் மின்தராசுக்குத் திடீரென்று கிறுக்குப் பிடித்தது. நூறு கிராம் உதிரி மல்லியை வைத்தால் தொண்ணூற்றாறு காட்டும், உடனே நூற்றுநாலுக்குத் தாவும். வாங்குகிறவர்களுக்குக் குறைந்துவிடக் கூடாதே என்று கொசுறை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டேன். அதுவே வினையாகிவிட்டது.

"களவு பண்ணாதவ எதுக்கு இம்புட்டு அள்ளிப் போடுறா?" என்றார் தினமும் வாங்கும் தையல்காரம்மா. பூவைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தராசைத் திறந்து பார்க்கலாம் என்றால் அதில் அரசு முத்திரை இருக்கிறது, தொட்டால் வேறு வம்பு.

பக்கத்துப் பழக்கடை அண்ணனின் தராசு அடாப்டரை வாங்கி என் தராசில் செருகினேன். எண் அசையாமல் நின்றது. ஆக, தராசு யோக்கியம்தான். என் அடாப்டர்தான் களவாணி.

"புதுசு ஒண்ணு வாங்கிப் போடு தங்கச்சி."

"மாட்டேண்ணே. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிச்சது எதுக்கு? நானே பாத்துக்கிறேன்."

வீட்டில் அடாப்டரைப் பிரித்தேன். உள்ளே கெப்பாசிட்டர் தலை உப்பிக் கிடந்தது. கடையில் கண்டென்சர் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். அடாப்டருக்குள் வரும் கரண்ட் மேடும் பள்ளமுமாக வரும். மேட்டில் இது நிரப்பிக்கொள்ளும், பள்ளத்தில் தன்னிடம் இருப்பதை ஊற்றும். அதனால் வெளியே போவது ஒரே சீராகப் போகும். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் நினைத்தபோதுதான் வருகிறது, ஆனால் தொட்டி இருப்பதால் தினமும் குளிக்கிறோம். என் அடாப்டரின் தொட்டி சுருங்கிவிட்டது. பள்ளமெல்லாம் நேராகத் தராசுக்குப் போய் அதைத் தடுமாற வைத்தது.

புதிதாக ஒரு கண்டென்சர் வாங்கி, இருந்த ஆத்திரத்தில், உடம்பில் பட்டை போட்டுக் காட்டியிருக்கும் நெகட்டிவ் காலை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் டப்பென்று வெடித்தது. விடுவேனா? மறுநாள் இன்னொன்று வாங்கி, பட்டையைப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

அன்று மாலை தையல்காரம்மாவை வழிமறித்தேன்.

"வாங்க வேணாம்மா. செத்த நேரம் நின்னு பாத்துட்டு மட்டும் போங்க."

மல்லியை வைத்தேன். நூறு. அவர் கையைக் கட்டிக்கொண்டு எண்ணையே முறைத்தார். நூறு நூறாகவே நின்றது. "சரி, கட்டு" என்றார். பொட்டலம் கட்டி நீட்டினேன். ஒரு பூகூட அதிகம் போடவில்லை.

வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"ஏத்தா, கொசுறு எங்க?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலே நாலு பூவை எடுத்துப் போட்டேன்.