அழத் தெரிந்தவள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம், எங்கள் பிஷப்பான மேற்றிராணியார் ஊர்ப் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்கிற சடங்கை நடத்த வருவதாகச் செய்தி வந்தது. எங்களுடையது ஏலாக்குறிச்சிக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த சின்ன ஊர். மண்ணெண்ணெய் கிடைக்காததால் உபதேசியார் பொழுது சாய்வதற்கு முன்பே எங்களைக் கோயிலில் உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். இஸ்பிரீத்து சாந்துவின், அதாவது பரிசுத்த ஆவியின், வரங்கள் ஏழு. மற்றப் பிள்ளைகள் மூன்றாவதிலேயே தடுக்கி விழுவார்கள். நான் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அது எனக்கு அந்த வயதிலேயே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் உபதேசியார், இந்த ஏழும் எல்லாருக்கும் பொது, இவை போக ஒவ்வொருவருக்கும் பிறர் உபயோகத்துக்கென்று தனியாக ஒரு வரம் உண்டு என்றார். அதைக் கண்டுபிடிக்காமல் சாவது சர்வேசுரனுக்குச் செய்கிற மரியாதைக்குறைவாம். அவரவர் வீட்டில் யாருக்கு என்ன வரம் என்று கேட்டு வரச் சொன்னார்.

அப்பாவிடம் முதலில் கேட்டேன்.

"மாட்டோட பேசுற வரம் எனக்கு. உங்கம்மாகிட்டதான் அது பலிக்கல" என்றார்.

அம்மா தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மாதப் பிள்ளை, கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. "இவன் முழிக்காம எழுந்திரிக்கிற வரம் ஏதாச்சும் இருந்தா எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றாள்.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். கடலை உடைத்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிரவில்லை. "எனக்கு அழத்தான்டி வரும்" என்றாள்.

"அது வரத்துல சேராது அத்தை. உபதேசியார்தான் வேணாம்னுட்டாரே."

உண்மைதான். அதற்கு முந்திய வருஷம் வரை ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் அத்தைக்குத்தான் ஆள் வரும். இழவு வீட்டில் திகைத்து உட்கார்ந்திருப்பவளின் தோளைக் கட்டிக்கொண்டு அத்தை ஒப்பாரி எடுத்தால், கொஞ்ச நேரத்தில் அவளும் வாய்விட்டுக் கதறிவிடுவாள். சாயங்காலம் ஒரு வாய் கஞ்சியும் குடிப்பாள். ஆனால் மோட்சத்தை நம்புகிறவர்கள் நம்பாதவர்களைப் போல மாரடித்து அழக் கூடாது, செபமாலை போதும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். அத்தை பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, இனி ஒப்பாரி வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்தக் குரலை வீணாக்க வேண்டாமென்று அவளைப் பாட்டுக்காரர்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். பாலன் பிறந்த பாட்டை அத்தை பாடியபோது, மாட்டுத் தொழுவத்தில் யாரோ செத்துக்கிடப்பது போல இருந்தது. மறுவாரமே அவளைக் கோயில் கூட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள்.

பங்குனியில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

ஞானஸ்நானம் பெற்ற பச்சைப் பிள்ளை செத்தால் நேரே மோட்சத்துக்குச் சம்மனசாக, தேவதூதனாகப் போகும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் துக்கமணி அடிக்கவில்லை. திருநாளைப் போல மணி அடித்தார்கள். தம்பிக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் பூமுடி வைத்தார்கள். சம்மனசுக்கு அழக் கூடாது, கொடுத்து வைத்தவள் நீ என்று உபதேசியார் அம்மாவிடம் அன்பாகத்தான் சொன்னார். அம்மா அழவில்லை. அடக்கம் முடிந்த பிறகும் அழவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பால் கட்டி, மாராப்பு நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. என்னைக்கூட யாரோ என்பது போலப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா கொல்லையில் அத்தையிடம் போய் நின்றார்.

"அக்கா, ஒரு வார்த்தை அழுதுடேன்."

"கோயில்ல வாக்குக் குடுத்திருக்கேன்டா."

"பச்சத்தண்ணி இறங்கலக்கா அவளுக்கு. இவளையும் தூக்கிட்டுப் போவணுமா?"

அத்தை வெகுநேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டாள். முதலில் முனகல் மாதிரிதான் கேட்டது.

"கண்ணு தொறக்கலியே – ஒன்னெக்
கையில நான் ஏந்தலியே
பேரு ஒண்ணு வைக்கலியே – ஒனக்குப்
பெத்த பாலு ஊட்டலியே"

எனக்குச் சுருக்கென்றது. தம்பி கண் திறந்தான், சிரித்தான். எத்தனையோ நாள் நானே அவனைத் தூக்கி வைத்திருந்தேன். தப்பாகச் சொன்னால் திருத்துவதுதானே படித்தவர்கள் செய்வது.

"அத்தை, தம்பிக்குப் பேர் வச்சாச்சு. சாமியார் தண்ணியும் ஊத்திட்டாரு" என்றேன்.

அத்தையின் குரல் நின்றது. என்னைப் பார்த்த முகத்தில் கோபம் இல்லை. பிடிபட்டவள் மாதிரி இருந்தாள். அப்போதுதான் அம்மாவின் கை அசைந்தது. அத்தையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அவ கெடக்கா, நீங்க அழுவுங்கண்ணி. ரெண்டு புள்ளைக்கும் சேத்து அழுவுங்க" என்றாள்.

அதைச் சொன்னதுமே அம்மாவுக்கு உடைந்துவிட்டது. இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் அம்மா கஞ்சி குடித்தாள். அத்தை சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் போய் வாக்கு மீறிய பாவத்தைச் சொல்லி, கொடுத்த அபராதத்தை முழங்காலில் நின்று செய்து முடித்தாள். மேற்றிராணியார் வந்தபோது நான் ஏழு வரங்களையும் பிழையில்லாமல் சொல்லி, அவர் கையால் முதுகில் ஒரு தட்டும் வாங்கினேன்.

செத்தது ஒரு பிள்ளைதானே, பசி மயக்கத்தில் அம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அத்தை வாழ்க்கைப்பட்டுப் போன வரதராஜன்பேட்டையில், கல்லறைச் சுவருக்கு வெளியே கள்ளிப் புதர் ஓரமாக, செத்தே பிறக்கும் பிள்ளைகளைப் புதைக்கிற இடம் ஒன்று இருந்தது எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் ஊற்றப்படாத அந்தப் பிள்ளைகளுக்கு மணி கிடையாது, சிலுவை கிடையாது. பெற்றவள் சத்தமாக அழுவதும் வழக்கமில்லை. அத்தை தன் ஒரே பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். அத்தனை வருஷமும் ஊரார் வீட்டுச் சாவுகளில்தான் அவள் அவனுக்காகவும் அழுதிருக்கிறாள்.