காலியாகக் கிடந்த பள்ளிக்கூடம்

ஃபிஜித் தீவில், லம்பாசா டவுன் பக்கத்துக் கரும்புக்காட்டில் சோமாவதியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. குத்தகை முடிந்து, நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஃபிஜிக் கிராமத்தார் அவளுடைய வயலைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, அவர்கள் வாசலுக்கே போய்த் திட்டித் தீர்த்தாள். மற்ற இந்தியக் குடும்பங்கள் தலைநகர் சுவாவுக்கும் ஆக்லாந்துக்கும் கிளம்பின. அவள் மகனும் போனான். அவள் போகவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்கு மதியம் ரொட்டியும் பருப்பும் ஆக்கிப் போட்டாள்.

பள்ளிக் கட்டடம் அந்த இந்தியக் கரும்பு விவசாயிகள் எழுப்பியது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. முன்பு பெஞ்சு நிறைய இந்தியப் பிள்ளைகள். இப்போது அத்தனை பேரும் கிராமத்து ஃபிஜிப் பிள்ளைகள். பெஞ்சு என்னவோ நிறைந்துதான் இருந்தது.

பள்ளிக் கமிட்டித் தலைவர் சிவ்தத்துக்குச் சுவாவில் கடை. வருஷத்துக்கு ஒருமுறை விமானத்தில் வந்து மாலை வாங்கிக்கொண்டு போகிற பெரிய மனுஷர். இந்த வருஷம் நாலைந்து சிநேகிதர்களோடு வந்திறங்கி, பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்.

"நம்ம பிள்ளைங்க ஒண்ணுகூட இல்ல. காலியாக் கெடக்குற பள்ளிக்கூடத்த எதுக்குக் கட்டி அழணும்? மூடிட்டு டவுன் பள்ளிக்கூடத்தோட சேத்துடலாம்."

டவுன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழைக்காலத்தில் பாலம் முங்கிவிடும். சின்னப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான். சோமாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலியா? காலைல நான் பெசஞ்ச மாவெல்லாம் யாரு வயித்துக்குள்ள போச்சுண்ணே?"

"கோவப்படாதம்மா. நம்ம பெரியவங்க நமக்குன்னு கட்டுனது."

"புயல்ல கூரை பறந்தப்ப நமக்குன்னு யாரு மேல ஏறுனா? நீங்க போன்ல துக்கம் விசாரிச்சீங்க. இந்தா ஒக்காந்திருக்காளே கிராமத்து வாசிதி, இவ புருஷனும் அவங்க ஆளுங்களுந்தான் தகரம் அடிச்சாங்க."

"உன் வயலப் பிடுங்குனவங்களுக்கா பரிஞ்சு பேசுற?" என்று சிநேகிதர் ஒருவர் சிரித்தார்.

"பிடுங்கத்தான் பிடுங்குனாங்க. அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் ஆறல. அத ஆறு வயசுப் பிள்ளைகிட்டயா தீத்துக்குவாங்க?"

வாசிதி தலையைக் குனிந்துகொண்டாள். சிவ்தத் பேச்சை வளர்க்க விரும்பவில்லை. "சரி, மூடலாங்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அவர் கை முதலில் உயர்ந்தது. சிநேகிதர்கள் கைகளும் உயர்ந்தன.

சோமாவதி தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். "சார், இங்க கை தூக்க யாருக்கு உரிமை?"

அவர் தொண்டையைச் செருமினார். "விதிப்படி, இப்ப இங்க பிள்ளை படிக்கிற பெத்தவங்களுக்கு மட்டுந்தான்."

"கேட்டீங்களாண்ணே? பிள்ளை இல்லன்னு நீங்கதான சொன்னீங்க. கையை எறக்குங்க. எனக்குந்தான் இல்ல."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. "மூட வேண்டாங்கிறவங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டார். வாசிதி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் கூடம் முழுக்கக் கைகள். முன்வரிசையில் சிவ்தத்தும் சோமாவதியும் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.