பட்டத்துக்கு வைத்த பொட்டு

அந்தக் கலர் ஜெராக்ஸ் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடும் கருப்பையா அதை என் மேஜையில் வைத்தார். பக்கத்தில் அவர் மகள் செல்வி. நர்சிங் படித்தவள். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பட்டச் சான்றிதழின் நகலுக்கு நோட்டரி அட்டெஸ்டேஷன் வேண்டும்.

"ஒரிஜினல் எங்கே?" என்றேன்.

"வீட்ல பத்திரமா இருக்குங்கய்யா. நீங்க இதுல குத்துங்க."

"பார்க்காமல் குத்தினால் அது நோட்டரி சீல் இல்லை, தபாலாபீஸ் சீல்."

செல்வி தன் அப்பாவிடம் பொறுமையிழந்தாள். "அய்யா, எடுத்துக் குடுத்துருங்க. நாந்தான் அப்பவே சொன்னேன்ல."

மஞ்சப்பையிலிருந்து ஒரிஜினல் வந்தது. அடியில், பதிவாளர் கையெழுத்தின் மேல், தீற்றிவிட்ட சிவப்புக் கறை.

"சரஸ்வதி பூசையில வச்சோம். எங்க வம்சத்துலயே மொத பட்டம்லய்யா. கையெழுத்துதான் முக்கியம்னாக, அதுக்கு ஒரு பொட்டு வச்சேன்."

"தீற்றினது எப்படி?"

"ஈரத் துண்டால தொடச்சேன். பரவிருச்சு."

"சரஸ்வதியே ஒண்ணும் சொல்லல, ஜெராக்ஸ் கடைக்காரன்தான் கம்ப்யூட்டர்ல அழிச்சுக் குடுத்தான்" என்றாள் செல்வி.

டூப்ளிகேட் பட்டம் வாங்கலாம். பல்கலைக்கழகம் அதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தில் மிளகாய் ஒரு போகம் விளைந்து, காய்ந்து, சந்தைக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது. வேலை வேறொருத்திக்குப் போகும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் காகிதத்தில் நோட்டரிக்குப் பிறகு மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழும். நகலைப் பொறுத்தவரை, பின்னால் வருகிறவர்கள் தமக்கு முந்தைய கையெழுத்து நிஜமா என்றுதான் பார்ப்பார்கள். மூலத்தையும் நகலையும் சேர்த்துப் பார்ப்பது முதல் ஆள் மட்டும்தான். ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எதிரே அந்த முதல் ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். பார்க்காமலே குத்துகிறவர்களும் அதே வரிசையில் இருந்தார்கள். அவர்களிடம்தான் கூட்டம்.

ஒரிஜினலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குங்குமத்துக்கு அடியில் கையெழுத்தும் முத்திரையும் முழுதாகத் தெரிந்தன. சுத்தமான ஜெராக்ஸைக் கிழித்துக் கூடையில் போட்டேன். கருப்பையாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

"கறையோட ஒரு நகல் எடுத்துட்டு வாங்க. கடைக்காரன் கையை வைக்காம பக்கத்துலயே நில்லுங்க."

அது வந்ததும், பூஜையில் பொட்டு வைத்தது தான்தான் என்று கருப்பையாவிடம் ஒரு அஃபிடவிட் வாங்கினேன். நகலில் வழக்கமான ஒற்றை வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் இன்னும் நாலு வரி எழுதினேன்: மூலத்தில் பதிவாளர் கையெழுத்தின் மேல் சிவப்புக் கறை உள்ளது, அது வழிபாட்டில் இட்ட குங்குமம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் கையெழுத்தும் முத்திரையும் முழுமையாக உள்ளன, திருத்தம் இல்லை. பிறகு சீல் குத்தினேன்.

"டெல்லியில படிச்சுட்டுச் சிரிக்க மாட்டாங்களா சார்?" என்றாள் செல்வி.

"டெல்லியில படிக்க மாட்டாங்க. படிக்கப்போறவன் ஆஸ்பத்திரிக்காரன்."

எல்லா முத்திரையும் விழுந்தது. அவள் விமானம் ஏறினாள். சேர்ந்த அன்று போன் செய்தாள்.

"ஒரிஜினலக் கேட்டாங்க சார். ரெண்டையும் பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க."

"அப்புறம்?"

"கறை ரெண்டுலயும் ஒரே எடத்துல இருந்துச்சு. ஒங்க எழுத்தைப் படிச்சாங்க. யூனிஃபார்ம் அளவு கேட்டாங்க."

சுத்தமான நகல் போயிருந்தால் அந்த மேஜையிலேயே அது போலி ஆவணம் ஆகியிருக்கும். அவள் அடுத்த விமானத்தில் திரும்பியிருப்பாள்.

இப்போது தொழிலுக்கு வரும் இளம் வக்கீல்களுக்கு நான் சொல்வது இதுதான்: காகிதத்தை அழகாக்குவது நம் வேலை இல்லை. கண்ணில் பட்டதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அது கடல் தாண்டியும் நிற்கும். என்னுடையது நின்றது.

அடுத்த சரஸ்வதி பூஜைக்குக் கருப்பையா போன் செய்தார்.

"வக்கீலய்யா, செல்வி தங்கச்சியும் பாஸ் பண்ணிட்டா. பொட்டு வைக்கலாமா?"

"வைங்க," என்றேன். "ஜெராக்ஸுக்கு."