நீல ட்ரம் வைத்த சூப் கடை

கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் மோப்பக்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். எந்தப் பெரிய நகரத்தில் லிஃப்ட் பாதி வழியில் மக்கர் பண்ணினாலும் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். வேலை முடிந்ததும் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று யாரிடமும் விசாரிக்க மாட்டார். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் தலையை நீட்டினால் போதும், எந்த மாடியில் யார் என்ன வதக்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அப்புறம் மூக்கு போகிற வழியில் கால் போகும்.

அவருக்குப் பிடித்த ஆசிய உணவகங்கள் எல்லாம் இப்படிச் சிக்கியவைதான். ஓர் ஊரில் துணிக்கடைக்கு மேலே ஒரு மனிதர் மாவை மேசையில் ஓங்கி அறைந்து அறைந்தே நூடுல்ஸாக நீட்டுவார். இன்னோர் ஊரில் பல் டாக்டருக்குப் பக்கத்து அறையில் மூங்கில் தட்டில் மாவுப் பொட்டலங்கள் ஆவி பறக்க வரும். உள்ளே கொதிக்கிற சாறு. அவசரக்குடுக்கையாய் அப்படியே வாயில் போட்ட மோப்பக்காரருக்கு நாக்கு வெந்துபோனது. பல் டாக்டர் பக்கத்தில் இருந்து என்ன பிரயோசனம்?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு சூப் கடை. வீட்டில் வம்பு வந்ததும் அதனால்தான். மனைவி எதைப் பரிமாறினாலும், "நல்லாதான் இருக்கு. ஆனா அந்த சூப் இருக்கே..." என்று ஆரம்பித்துவிடுவார். அந்த அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். மனைவிக்கு அது வலித்தது. சமைத்ததும் தான், வீட்டைக் கட்டிக்கொண்டு கிடந்ததும் தான், புகழ்ச்சி மட்டும் எவளுக்கோ.

மோப்பக்காரருக்கு முட்டி தேய்ந்தது. கம்பெனி அவரை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைக்க முடிவு செய்தது. கடைசி வெளியூர் வேலை அந்த சூப் கடை இருந்த நகரத்தில் விழுந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ரயிலிலேயே அந்த அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு அந்தக் கடையை என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா இனிமே என் சாப்பாட்டு முன்னால உக்காந்து ஊரான் கடைப் பேச்சு எடுக்கக் கூடாது. ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன். குடிச்சுட்டு நீயே சொல்லு."

காலையில் வேலையை முடித்துவிட்டு இருவரும் அந்தத் தெருவில் இறங்கி நடந்தார்கள். மோப்பக்காரர் அங்கேதான் திருதிருவென்று விழித்தார். வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள், எல்லாம் ஒரே அச்சு. அவர் அந்தக் கடைக்கு முன்வாசல் வழியாக ஒருநாளும் போனதே இல்லை! கம்பெனி வேன் தரைக்கடியில் இறக்கிவிடும். சரக்கு லிஃப்டில் ஏறி, நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, பின்வாசலில் கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தவர். பெயர்ப்பலகை பச்சையா சிவப்பா என்றுகூடத் தெரியாது.

"கடை பேர் என்ன சார்?" என்றார் ஒரு வாட்ச்மேன்.

"பேரா..." என்று இழுத்தார் இவர்.

மனைவியின் புதுச் செருப்பு கடிக்கத் தொடங்கியது. வெயில் ஏறியது. மானம் போகப்போகிறது என்று பயந்த மனிதர், கண்ணில் பட்ட ஓர் ஆசிய உணவகத்துக்குள் துணிந்து நுழைந்தார். கம்பளம், மீன் தொட்டி, வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுபவர்.

"இதுதான்," என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "பொய். நீல ட்ரம் எங்க?"

"என்ன ட்ரம்?"

"பின்வாசல்ல எலும்பு ஊற வைக்கிற நீல ட்ரம். நசுங்கின புகைக்குழாய். அது கீழே தூங்குற ஒத்தைக்கண் பூனை. பின்னால பேக்கரி, அந்த ரொட்டி வாசமும் சூப் வாசமும் முட்டிக்கிட்டு நிக்கும்னு சொல்வீங்களே. எழுந்திரிங்க."

மோப்பக்காரர் எழுந்தார். காதிலேயே வாங்காதவள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாரே!

அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்சந்துக்குள் நடந்தார். இவர் பின்னாலேயே போனார். முதலில் ரொட்டி வாசம் வந்தது. அடுத்த திருப்பத்தில் நீல ட்ரம் இருந்தது. பூனைகூட இருந்தது. கரண்டியோடு எட்டிப் பார்த்த சமையல்காரப் பெண் மோப்பக்காரரைக் கண்டதும் சந்தோஷத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்து, இரண்டு பெட்டிகளை உட்காரக் கவிழ்த்துப் போட்டு, சூப்பை ஊற்றிக் கொடுத்தாள்.

மனைவி ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"ஒரு கல் உப்பு கம்மி," என்று சொல்லிவிட்டு, மீதியையும் குடித்து, காலிக் கிண்ணத்தை இன்னொரு தரம் கேட்டு நீட்டினார்.

மோப்பக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே?"

"பின்னே? நீங்க ஊர் ஊரா சுத்தினீங்க. எனக்குக் கிடைச்சது அந்தப் பேச்சு மட்டும்தான்."

 மோப்பக்காரர் தன் சூப்பில் மிச்சமிருந்த நூடுல்ஸை எடுத்து மனைவியின் கிண்ணத்தில் போட்டார். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அந்தப் பல் டாக்டர் பக்கத்துக் கடை," என்றார் மனைவி சாப்பிட்டுக்கொண்டே, "அதுக்கு எந்த ரயில்?"

"கம்பெனி இனிமே அனுப்பாதே."

"கம்பெனி எதுக்கு? நான் கூட்டிட்டுப் போறேன். பொறுமையா கடிச்சுச் சாப்பிடுங்க, அது போதும்."