படம் அலசும் தொட்டியில் மூன்று மீன்கள்

உத்தமபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் மாமாவுக்கு டிஜிட்டல் கேமராவின் மேல் அப்படியொரு பெருமை. "பிலிம் இல்ல, மருந்து இல்ல, நாத்தம் இல்ல. எல்லாம் சுத்தம் ஆத்தா" என்றார் போன மாதம். மூலையில் உப்பிப்போன பேட்டரிகளும் பிரிண்டரின் காலி மை டப்பாக்களும் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. இதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். "பழைய சாமான் எடுக்க வர்றவன் அள்ளிட்டுப் போயிருவான். இங்கன கெடக்காதுல்ல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பேச்சை எட்டு வயதிலேயே கேட்டவள் நான்.

அப்போது ஸ்டுடியோவின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். இருட்டறையில் மருந்தில் போட்டெடுத்த படங்களை அலசுவதற்கு முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்காகக் கடை அடைப்பு. தொட்டி சும்மா கிடக்கும். அப்படி ஒரு ஞாயிறு, வாய்க்காலில் பிடித்த மூன்று கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எடுக்கச் சொல்வார்கள் என்கிற அளவுக்கு விவரம் இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஹால் டிக்கெட் படங்களுக்கு நடுவே மூன்றும் வயிறு தெரிய மிதந்தன. மருந்து சொட்டச் சொட்டப் படங்களைக் கொண்டுவந்த மாமா குனிந்துகூடப் பார்க்காமல் கொட்டியிருக்கிறார். வீடு இரண்டுபட அழுதேன். சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினேன்.

அம்மா தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, அந்த மருந்துத் தண்ணிய வேற எங்கனயாச்சும் கொண்டுபோய் ஊத்துலே. பிள்ள பட்டினி கெடக்கா."

பாவம் மாமா. தொட்டியைத் தேய்த்துக் கழுவி எனக்கே கொடுத்துவிட்டு, படங்களைப் பிளாஸ்டிக் வாளியில் அலசினார். "இனிமே ஒரு சொட்டு இங்கன கெடக்காது ஆத்தா" என்று சத்தியம் செய்தார். சொன்னபடியே நடந்தார். சாயங்காலமானால் அலசிய தண்ணீரையும் சத்துப் போன மருந்தையும் சைக்கிளில் கொண்டுபோய் வாய்க்காலில் ஊற்றினார். வாளி தளும்பாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

முதல்நாள் ஊற்றி முடித்ததும், தண்ணீர் வரும் பக்கமாக நாலு எட்டு மேலே போய், தோளில் கிடந்த துண்டை விரித்து எனக்கு வேறு மீன்கள் பிடித்துத் தந்தார். என் மாமாவைப் போல நல்லவர் ஊரிலேயே கிடையாது என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். வாய்க்காலில் மிச்சமிருந்தவையும் மீன்கள்தான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.